நாளைக்கு டாக்டர்

திருவனந்தபுரத்தில் தண்ணீர்க் குழாய் என்று யார் பேச்செடுத்தாலும் அடுத்த வார்த்தையாக என் கடைப் பெயர்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு ஊரில் ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்துவிட்டு, குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் கூட்டத்தோடு இங்கே வந்தவன் நான். பிறகு சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் மூன்று கதவு வைத்த கடை போட்டேன். பெரிய என்ஜினீயர்கள் எல்லாம் என் மேஜைக்கு முன்னால் நின்று யோசனை கேட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியும் நாலு வரி எழுத எனக்குத் தோன்றியதில்லை. எழுதத் தோன்றுவது ஒரே ஓர் அம்மாளைப் பற்றி. அவர் என் கடையில் வாங்கிய மொத்தச் சரக்கும் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும்.

பெயர் எழுத மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைக்குள் படம் எடுக்கும் பிரிவில் டாக்டராக இருந்தார். கரமனை அக்ரஹாரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், போவார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போடாத பருத்திப் புடவை, பைக்குள் எப்போதும் ஒரு மைக்கூடு. ஆஸ்பத்திரியில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘நாளைக்கு டாக்டர்’. என்ன கேட்டாலும் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பதால் வந்த பெயர்.

முதல் தடவை கடைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கல்லாவில் என் மனைவி இருந்தாள்.

"உள்ளே போற தண்ணி வெளியிலேந்து தெரியணும். அப்படி ட்யூப் இருக்கோ?"

"என்ன கனத்துல வேணும்?" என்று நான் எழுந்து வந்தேன்.

"சுண்டுவிரல் கனம். ஆனா ஒரு பொட்டு இரும்பு இருக்கப்படாது. க்ளிப்பு, ஜாயிண்ட் எல்லாம் பிளாஸ்டிக்காக்கும் வேணும்."

"எந்த டேங்குக்கு?"

"டேங்குக்கு இல்லை. தலைக்கு."

கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். மூளை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறதாம். அந்தத் தண்ணீர் மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஊறி, வெளியே வந்து, மூளையைச் சுற்றி ஏறி, உச்சியில் ரத்தத்தோடு கலந்து வடிகிறதாம். புதிதாக வந்திருக்கும் காந்த மெஷின் அந்த ஓட்டத்தைப் படம் பிடிக்கிறதாம். மெஷின் சொல்லும் வேகம் சரிதானா என்று பார்க்க, தனக்கு முன்பே வேகம் தெரிந்த ஒரு குழாயை மெஷினுக்குள் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

"இத்தன பெரிய மெஷினு பொய் சொல்லுமா டாக்டரம்மா?"

"பொய் சொல்லாது. நாம கேக்காததைச் சொல்லாது."

தண்ணீரைத் தள்ள ஒரு சின்ன பம்பும் கேட்டார். நாடித்துடிப்புக்குத் துடிப்பு தண்ணீர் முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும், ஆனால் போன அளவு முழுவதும் திரும்பக் கூடாது. எனக்குத் தலை சுற்றியது. "டாக்டரம்மா, போன தண்ணி திரும்பி வராம இருக்கத்தான் நான் வால்வு விக்கேன்" என்றேன். அதற்குள் அவர் ஒரு துண்டுக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டு மை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாடிக்கைக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இரிங்க டாக்டரே. மை எங்கயும் ஓடிப் போகாது."

"ஓடறதாக்கும். அதான் பாக்கறேன்."

சாலைக் கம்போளத்தில் என் மனைவியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் குறைவு. அன்று அவள் சிரித்துக்கொண்டே கல்லாவுக்குத் திரும்பிவிட்டாள்.

இன்னொரு நாள் அவரை விழிஞ்ஞத்தில் பார்த்தேன். ஐஸ் ஆலை ஒன்றுக்குக் குழாய் இறக்கப் போயிருந்தேன். துறைமுகச் சுவர் ஓரம், அழுகிய மீன் வாடையில், அவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவரைக் கொண்டு வந்த ஆட்டோக்காரன் என்னைக் கண்டதும், அம்மாவுக்குப் பைத்தியம் என்று மலையாளம் கலந்து முறையிட்டான். "சாரே, ஈ அம்மைக்கு வட்டாணு. ஓட்டம் கூப்பிட்டுட்டு அழுக்கு வெள்ளத்தப் பாத்துட்டு நிக்கா." கீழே செதிலும் வைக்கோலும் கிழிந்த வலைநூலும் அலைக்கு அலை முன்னே போய்ப் பின்னே வந்து, நின்ற இடத்திலேயே ஆடுவது போலத் தெரிந்தன.

"நல்லாப் பாருங்கோ" என்றார். "வரும்போது அந்தப் படிக்கட்டுக்கு நேரா இருந்தது. இப்போ சுவர் மூலைக்கு வந்தாச்சு. ஆடிண்டே நகர்றது. மூளையில சேர்ற அழுக்கும் இப்படித்தான் வெளியில போறதுன்னு நெனைக்கறேன்." தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "நெனைக்கறேன்னுதான் சொல்றேன், தெரியாது" என்றார்.

மூளை தன்னைத்தானே எப்படிக் கழுவிக்கொள்கிறது என்று இப்போது பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகிறது. அன்றைக்கே என்னிடம் ஒரு டாக்டரம்மா சொல்லியாயிற்று என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அவர் கேட்டால் திருத்துவார். சொன்னேன் என்று சொல்லாதீர்கள், நினைத்தேன் என்று சொல்லுங்கள் என்பார்.

இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்ததல்ல. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து தகப்பனைக் கூட்டி வந்த ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தியதை, சரக்கு கொடுக்கப் போன ஒரு நாள் கேட்டிருக்கிறேன். மலைக்குப் போகிற கடைசி பஸ் போய்விடும், தேயிலைக்காட்டில் நாளை வேலைக்கு நிற்க வேண்டும், ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு நாளா என்று கேட்டார். டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு, "இன்னிக்குச் சொன்னா தப்பாச் சொல்லுவேன். பரவாயில்லையா?" என்றார். அந்த ஆள் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே அன்று அந்த அம்மாள் மேல் எரிச்சல் வந்தது. ஏழை ஆளிடம் இவ்வளவு கறார் ஆகாது என்று நினைத்தேன்.

அதே வராந்தாவில் நான் நிற்கும் நாளும் வந்தது.

என் மனைவிக்கு முதலில் போனது நடை. பாதத்தைத் தூக்காமல் இழுத்தாள், தரையில் பசை தடவி வைத்தது போல. அப்புறம் பேச்சு குறைந்தது. கம்போளத்துக்கே பதில் சொன்ன வாய், கேட்டால் மட்டும் ஒரு சொல் சொன்னது. பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே புடவை நனைந்து, அது தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டேன்.

போன இடத்திலெல்லாம் வயசாச்சு, மூளை சுருங்குது என்றார்கள். ஒரே ஒரு சர்ஜன் மட்டும் வேறு மாதிரி சொன்னார். மூளைக்குள் தண்ணீர் வடியாமல் நிற்பதாலும் இந்த மூன்றும் வரும். அப்படியானால் தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் வைத்து வயிற்றுக்குள் வடியவிட்டால் ஆள் பழைய நிலைக்குத் திரும்பலாம். வெறும் சுருக்கம் என்றால் மண்டையைத் துளைப்பது வீண், ரத்தக்கசிவில் இருப்பதும் போகலாம். இரண்டில் எது என்று பார்க்க அவர் அனுப்பிய இடம் நம் டாக்டரம்மாவிடம்.

"இது அடைப்பேதான் டாக்டரம்மா. எனக்கு அப்பவே தெரியும். குழாய் வச்சா ஓடிரும்" என்றேன்.

"தலைக்குள்ள பாத்தேளா?"

"இல்ல."

"நானும் பாக்கலை. பாப்போம்."

இந்தப் பரிசோதனைக்கு வேறொரு மெஷின். கீழ் முதுகில் ஊசி வழியாக ஒரு மருந்தைத் தண்டுவடத் தண்ணீரில் கலந்தார்கள். அந்த மருந்து போகிற இடமெல்லாம் மெஷினின் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும். நல்ல தலையென்றால் மறுநாளுக்குள் மூளையைச் சுற்றி உச்சிக்கு ஏறி வடிந்துவிடும். தண்ணீர் நிற்கும் தலையென்றால் உள் அறைகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கும். டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "நாளைக்குக் காலம்பர வரைக்கும் மல்லாந்து படுத்திருக்கணும். உக்காரப்படாது. தலகாணி கூட வேண்டாம்."

அன்று மாலைப் படத்தில் வெளிச்சம் உள் அறைக்குப் போயிருந்தது. எனக்கு அதுவே போதும். சர்ஜன் அந்த வாரமே தேதி தருவதாகச் சொல்லியிருந்தார்.

"உள்ளே போனது தெரியறது. வெளியில வராதான்னு தெரியலை. நாளைக்கு" என்றார் டாக்டரம்மா.

காலையில் தலைப் படம் இருட்டாக வந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அங்கிருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, "க்ளியர் ஆயல்லோ, வடிஞ்சு போயி" என்று மலையாளத்தில் சொல்ல, என் மதினி கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னாள். மதினி என்றால் என் மனைவியின் அக்காள். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவள். முந்தின மாலை நான் கடை சாத்தப் போயிருந்தபோது கூட்டத்தோடு வந்து ஜெபித்திருந்தாள். ஆண்டவர் ஒரே ராத்திரியில் அடைப்பைத் திறந்தார் என்று எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் கட்டிலில் கிடந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

டாக்டரம்மா வந்து படத்தைப் பார்த்தார். சந்தோஷமோ துக்கமோ அந்த முகத்தில் வரவில்லை. "இவாளைத் திருப்பிப் படுக்க வையுங்கோ. இடுப்பு பாக்கணும்."

"மேடம், தல மதியல்லோ" என்றார் இளம் டாக்டர், தலை மட்டும் போதுமே என்ற அர்த்தத்தில்.

"தண்ணி காணாமப் போகாது. தலையில இல்லைன்னா எங்கேயோ இருக்கணும்."

இடுப்புப் படத்தில், ஊசி குத்திய இடத்தைச் சுற்றி வெளிச்சம் உடைந்த முட்டைக் கரு போலப் பரவிக் கிடந்தது.

"வடியலை. கசிஞ்சிருக்கு. ஊசித் துவாரம் வழியா மேலே போனதெல்லாம் கீழே எறங்கி வெளியில போயிடுத்து" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "யார் இவாளை எழுப்பி உக்காத்தினா?"

மதினி கட்டிலின் மறுபக்கம் போய் நின்றாள்.

"கோவிச்சுக்கலை. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"உக்கார வைக்கல்ல" என்றாள் மதினி, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி. "முட்டுக்குத்த வச்சோம். இவ பொறந்ததுலேந்து படுத்துக்கிட்டு ஜெபிச்சதில்ல. காய்ச்சல்ல கெடந்தாலும் எறங்கி முட்டுக்குத்துவா. எங்க சத்தம் கேட்டதும் அவளாத்தான் எழும்பப் பாத்தா. நாங்க ரெண்டு பக்கமும் பிடிச்சோம்."

"எத்தனை நாழி?"

"நாலஞ்சு பேரு ஜெபிச்சாவ."

எங்கள் சபையில் நாலைந்து பேர் ஜெபிக்க எவ்வளவு நேரமாகும் என்று அறிந்தவர்கள் அறிவார்கள். ஒருவர் ஆமென் சொல்வதற்குள் வைத்த உலை கொதித்துவிடும்.

"ஜெபம் பண்ணினதுல தப்பில்லை" என்றார் டாக்டரம்மா. "படுத்துண்டே பண்ணியிருக்கலாம்."

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. வராந்தாவுக்கு என்னை இழுத்து வந்தாள். "ஆண்டவர் வடிய வச்சத இவிய இடுப்புல தேடுதாவ. நமக்கு ஒரு சுகம் கெடச்சா ஒத்துக்கிட மனசு வரல்ல. சின்ன டாக்டரு எழுதித் தருவாரு. வீட்டுக்குக் கொண்டு போவும்."

உள்ளே போய்க் கேட்டேன். "க்ளியர்னு எழுத மாட்டீங்க. அடைப்புன்னும் எழுத மாட்டீங்க. பின்ன என்னதான் எழுதுவீங்க?"

"ஒண்ணும் தெரியலைன்னு எழுதுவேன். கசிவு ஆறட்டும். சில வாரம் கழிச்சுத் திரும்பப் பண்ணணும்."

"அதுக்குள்ள இவ இன்னும் மோசமானா?"

"ஆகலாம். ரொம்பத் தள்ளிப் போனா ஆப்பரேஷனும் பிரயோஜனப்படாமப் போகலாம்."

"தெரியலைன்னு சொல்லவா இத்தன படிச்சீங்க?" என்றேன். வராந்தா முழுவதும் கேட்டிருக்கும். பள்ளம் தோண்டுகிற இடத்தில் பழகிய குரல் என்னுடையது.

"ஆமாம்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். சுகமாயிற்று என்று மதினி தெருவெல்லாம் சொன்னாள். தலைவலி அடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் சாட்சி சொல்ல ஏற்பாடாயிற்று. எங்கள் வழக்கம் அது. சுகம் கிடைத்த ஆள் முன்னால் நடந்துபோய் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மதினி, ஒரு பக்கம் நான். பெஞ்சுகளுக்கு நடுவே பாதி வழியில் என் மனைவியின் கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னே சாய்கிறது, பாதம் வரவில்லை. சபை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பாட்டு ஒரு வரியோடு அடங்கிற்று. சிமெண்டுத் தரையில் அவள் காலடியிலிருந்து ஈரம் பரவியது. அவள் அதையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

மதினி தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தங்கையின் இடுப்பில் சுற்றினாள். பாதிரியார் ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அந்த டாக்டர்ட்ட கொண்டு போங்க."

இரண்டாம் தடவை டாக்டரம்மா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஊசி போட்ட பிறகு ஒரு ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் முழுவதும் எழுந்திருக்கவில்லை. மாலையில் மதினி இரண்டு பெண்களோடு வாசலில் வந்து நின்றாள். நான் நடுவில் போய் நின்றேன். இன்றைக்கு ஏதாவது ஆனால் இரண்டு பேரில் ஒருவரை நான் அடித்தே விடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

"ஜெபிக்கலாமா?" என்றாள் மதினி.

"பண்ணுங்கோ. இவா படுத்திருக்கட்டும்."

"ஜெபத்துக்கு மத்தவங்க எழும்பி நிப்போம்."

டாக்டரம்மா ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். மதினி கண்ணை மூடித் தொடங்கியதும் என் மனைவியின் தோள் கட்டிலை விட்டு உயர்ந்தது. எங்களை மறந்தவள் அதை மறக்கவில்லை. டாக்டரம்மா அந்தத் தோளில் உள்ளங்கையை வைத்தார். அமுக்கவில்லை, வைத்தார். ஒவ்வொரு தடவை தோள் எழும்பும்போதும் கை அதோடு கொஞ்சம் எழும்பி மெல்லத் தாழ்ந்தது. மதினி ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். அவள் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அன்று செய்ததுதான்.

மறுநாள் படத்தில் வெளிச்சம் இரண்டு கொம்பு போல உள்ளே நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் "நாளைக்கு" என்றார். அடுத்த நாளும் அதே கொம்பு, அதே இடம். உச்சி இருட்டு. இடுப்பையும் படம் எடுத்துக் கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

"நிக்கறது. வடியலை. ஆப்பரேஷன் பண்ணினா நடை வரலாம். பேச்சு வருமான்னு சொல்லத் தெரியலை. உயிருக்கு ஆபத்தும் உண்டு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இனிமே நீங்க சொல்லணும்."

"ஒங்க அம்மைன்னா செய்வீங்களா?"

அவர் படத்தை இன்னொரு முறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "எங்க அம்மாவா இருந்தாலும் படம் இதேதான் இருக்கும்" என்றார்.

தேறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாததால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இன்று தோன்றுகிறது. தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறவர், நிற்கிறது என்று சொன்னால் நிற்கத்தான் செய்யும்.

ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மதினியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தையல் பிரித்த அன்று நர்ஸ் அவளை வராந்தாவில் நடக்கவிட்டாள். டாக்டரம்மா எங்கிருந்தோ வந்து சுவரோடு ஒட்டி நின்றார். என் மனைவி சுவரைப் பிடித்தாள். வலது பாதம் தரையை விட்டு எழும்பியது. எழும்பி, முன்னால் போய், விழுந்தது. அப்புறம் இடது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வராந்தாவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன் அடைப்புண்ணு. குழாய் விசயத்துல என் வாக்கு தப்பாது. இந்த ஊருல தண்ணி எங்க நிக்கும், எங்க ஓடும்ணு என்னைத் தவிர…"

"கொஞ்சம் வாய மூடிட்டு நில்லுங்க" என்றாள் என் மனைவி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல், கரகரப்பாக இருந்தது. "அவிய பாக்கட்டும்."

மதினி சேலைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒதுங்கி வழி விட்டேன். டாக்டரம்மா மட்டும் நிமிரவில்லை. முதுகை வளைத்து, அவளுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.